சட்டைக்குள் ஒரு பிள்ளை

தேவயானி டாக்டர்தான்; ஆனால் ரஷ்யாவில் மட்டும். வோல்கா நதிக்கரை நகரமொன்றில் ஆறு வருஷம் படித்து, பனியில் விறைத்து, 'எங்கே வலிக்கிறது' என்று ரஷ்ய மொழியிலேயே கேட்கப் பழகி, பட்டத்தோடு அவள் பெரம்பலூரில் வந்து இறங்கியபோது இங்கே சட்டம் மாறியிருந்தது. வெளிநாட்டில் படித்தவர்கள் டெல்லி நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால்தான் ஒரு மாத்திரையாவது எழுதித் தர முடியும். அந்தத் தேர்வை அவள் இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நழுவிப் போயிற்று.

அவளுடைய அப்பா அய்யாக்கண்ணு பெரம்பலூர்–திருச்சி பஸ்ஸில் கண்டக்டர். ஆண்டிமடத்தில் இருந்த முந்திரிக்காட்டை விற்றுத்தான் மகளை அனுப்பினார். தினமும் அதே பஸ்ஸில் வரும் ஆபீஸ் ஆட்கள் டிக்கெட் வாங்கும்போதே விசாரிப்பார்கள்: "பொண்ணு வந்துட்டாமே, எந்த ஆஸ்பத்திரிங்க?" அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "மேல்படிப்புக்குப் படிக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார். அம்மா பெரியம்மாள் தெருவில் யாரிடமும் நின்று பேசுவதையே விட்டுவிட்டாள்.

2004ஆம் வருஷம் சித்திரையில், துறைமங்கலம் பக்கம் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்திவந்த டாக்டர் சுந்தராம்பாள் அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஒன்ன டாக்டர்னு போட முடியாதும்மா. போட்டா ஒனக்கும் வம்பு, எனக்கும் வம்பு. தாய்-சேய் ஆலோசகர்னு ஒரு ஆள் வேணும். கர்ப்பிணிங்ககிட்ட பேசணும், பால் குடுக்கச் சொல்லித் தரணும். பரீட்சைக்கும் படிச்சுக்கலாம். வர்றியா?"

தேவயானி போனாள். முதல் மாதம் முழுக்க அவளுக்கு வயிறு எரிந்தது. பிரேதத்தை அறுத்து நரம்பு நரம்பாகப் படித்தவள், முருங்கைக்கீரையின் அருமையையும் குழந்தையின் வாய் எப்படித் திறந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டு கிடையாது. நர்சுகள் 'மேடம்' என்றார்கள். நோயாளிகள் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டார்கள். வேலையைக் குறைத்துச் செய்ய மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. எந்தத் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டது, எவள் ராத்திரி அழுதாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

செப்டம்பரில் ஒருநாள் காலை, அரியலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து செங்கமலத்தைக் காரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஏழரை மாதம். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்திருந்தது. சுந்தராம்பாள் உடனே அறுத்துக் குழந்தையை எடுத்தாள். பெண் குழந்தை, ஒரு கிலோ முந்நூறு கிராம். தானாக மூச்சு விட்டது, மெல்லிசாக அழக்கூடச் செய்தது. ஆனால் தாய்க்கு மறுபடி வலிப்பு வந்தது. திருச்சிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்றாகிவிட்டது. ஆம்புலன்சில் அவளுடன் அவளுடைய அம்மா ஏறிக்கொண்டாள். திருச்சியில் சிசுப் பிரிவில் இடமில்லை, ஒருநாள் பொறுங்கள் என்றார்கள். குழந்தைக்குக் காவலாகப் புருஷன் வீரமணி நின்றுவிட்டான். அவனுடைய அக்கா கலியம்மாள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். வேறு பெண்துணை இல்லை.

வீரமணி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிறவன். பாறையில் துளை போட்டதும் அதில் வெடிமருந்து கெட்டித்து, திரியிழுத்து, ஆட்களை ஒதுக்கி வெடிக்கிற வேலை. பத்து வருஷத்து வெடியில் இடது காது போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். ஆறடி ஆள். சட்டைக் காலர், புருவம், காது மடல் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசு. குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மருக்கு முன்னால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் நின்றான். கண்ணாடிக் கடையில் எதையும் தட்டிவிடக் கூடாது என்று நிற்பவனைப்போல.

"நீங்க நர்சம்மாவா, டாக்டரம்மாவா?" என்று தேவயானியைக் கேட்டான்.

"ரெண்டும் இல்லிங்க," என்றாள் அவள், அவனுடைய வலது காதுப் பக்கம் போய்.

சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு வானம் கறுத்துப் புயல் மாதிரி காற்று கிளம்பியது. எதிர் டீக்கடையின் தகரம் பறந்து போய் மின்கம்பியில் விழுந்தது. கரண்டு போனது, உடனே வந்தது, வந்த வேகத்தில் வார்மருக்குள் படீரென்று ஒரு சத்தம், கருகல் வாடை. ஜெனரேட்டரைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. வார்மர் எரியவில்லை.

சுந்தராம்பாள் திருச்சிக்குப் போன் போட்டாள். பாடாலூர்ப் பக்கம் ரோட்டில் புளியமரம் விழுந்து வண்டிகள் நிற்கின்றன என்று தெரிந்தது. குழந்தையைப் பஞ்சில் சுற்றினார்கள். மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்தார்கள். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் பொதிந்து வைத்தார்கள். தேவயானி குழந்தையின் கக்கத்தில் தெர்மாமீட்டரை உதறி உதறி வைத்துப் பார்க்க, ஒவ்வொரு தடவையும் பாதரசம் முந்தியதைவிடக் கீழே நின்றது. தோலுக்கடியில் ஓடும் நரம்புகள் தெரியும் அந்தச் சின்னப் பாதங்கள் நீலம் பாரித்தன. அழுகை நின்று, பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"மேடம், தோலோட தோல் வெச்சுப் பாக்கலாமா?" என்றாள் தேவயானி.

சுந்தராம்பாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொலம்பியா நாட்டுல, பொகோட்டாவுல, இன்குபேட்டர் போதாம அம்மா நெஞ்சுலயே கட்டி வெச்சுக் காப்பாத்தினாங்க. நெஞ்சுச் சூடே போதும்னு எழுதியிருக்காங்க."

"கேள்விப்பட்டிருக்கேன். நீ பாத்திருக்கியா?"

"இல்ல மேடம். படிச்சதுதான்."

"அம்மா திருச்சியில கெடக்கா. நம்ம நர்சுங்க ரெண்டே பேரு, ஒரு மணி நேரம் வைப்பாங்க. அப்புறம் யாரு நெஞ்சுல வைப்ப?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி வீரமணியைப் பார்த்தார்கள். அவன் என்ன பேச்சு நடக்கிறதென்று காதில் விழாமல், வெள்ளைப் புருவத்தோடு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் இரண்டடி பின்னால் போனான். "வேணாங்க. எங் கையப் பாருங்க. ஆம்பள நெஞ்சுல என்னங்க இருக்கு?"

"சூடு இருக்கு," என்றாள் தேவயானி. "அது போதும். போயி சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க. சீக்கிரம்."

குளியலறையிலிருந்து பால்போல வெள்ளைத் தண்ணீர் வெளியே ஓடி வந்தது. மறுபடி போகச் சொன்னாள். இரண்டாம் தடவை தண்ணீர் தெளிந்து வந்தது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் அவனைச் சாய்த்து உட்காரவைத்து, குழந்தைக்கு ஒரு குல்லா, ஒரு கைக்குட்டையளவு துணி தவிர மற்றதெல்லாவற்றையும் உருவிவிட்டு, வெற்று நெஞ்சின் நடுவே குப்புற வைத்தாள். கால்களைத் தவளைபோல மடக்கினாள். தலையை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டாள். கிழித்த வேட்டியால் சுற்றிக் கட்டி, மேலே அவனுடைய சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டினாள்.

வீரமணி கல்லாகிவிட்டான். நெஞ்சு அசையவே இல்லை.

"மூச்சு விடுங்க!" என்று காதில் கத்தினாள்.

"விட்டா நசுங்கிடாதா?"

"நீங்க விட்டாத்தான் அதுக்கும் விடணும்னு ஞாபகம் வரும். நல்லா விடுங்க."

அவன் விட்டான். அகலமான அந்த நெஞ்சு ஏறி இறங்கியது; அதன்மேல் சட்டைக்குள் ஒரு சின்ன மேடு கூடவே ஏறி இறங்கியது.

வெளியே மழை கொட்டியது. தேவயானி கட்டிலருகிலேயே நின்றாள். முதலில் பாதரசம் இறங்குவதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் ஏறத் தொடங்கியது. அவள் தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்தாள்; நம்பாமல் இன்னொன்றை எடுத்துவந்து வைத்தாள். அதுவும் அதையே சொன்னது. சட்டை ஓரத்தை விலக்கிப் பார்த்தபோது, சற்றுமுன் நீலமாய் இருந்த கால்விரல் நுனிகளில் செம்மை ஊறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாக. சுண்டுவிரலில் கடைசியாக.

பளிங்குத் தரை போட்ட பிரசவ விடுதிகளை அவள் பார்த்திருக்கிறாள். பொத்தானைத் தொட்டால் சூடும் ஈரமும் அளந்து தருகிற கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்திருக்கிறாள். பேராசிரியர்கள் பேசுவதை மணிக்கணக்கில் கேட்டிருக்கிறாள். ஒரு மனுஷ உடம்பு இன்னொரு உடம்புக்கு வேண்டிய சூட்டைத் தானே கொடுத்துக்கொண்டிருப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை. சுந்தராம்பாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "முப்பது வருஷமா பிரசவம் பாக்கறேன்," என்று தொடங்கியவள், குனிந்து சட்டை ஓரத்தைத் தானே ஒருதரம் விலக்கிப் பார்த்தாள்.

மறுநாள் ரோடு சரியானதும் திருச்சியிலிருந்து குழந்தை டாக்டர் நடராசன் வந்தார். வீரமணியின் சட்டைக்குள் ஸ்டெதாஸ்கோப்பை விட்டு நெடுநேரம் கேட்டார். அங்கே இப்போது இடம் உண்டு, ஆனால் ஒரு பெட்டியில் இரண்டு குழந்தை, கிருமி பயமும் உண்டு என்றார். "சீரா இருக்கு. தொடரட்டும். துளி மாறினாலும் உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று திரும்பி ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்.

பாலுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பக்கத்து அறையில் லப்பைக்குடிக்காட்டு ஹபீபா இருந்தாள். ஆண் குழந்தை பெற்றிருந்தாள், புருஷன் சவூதியில். பாலுக்குப் பஞ்சமில்லை, ரத்தப் பரிசோதனையெல்லாம் சரியாக இருந்தது. தேவயானி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அது ஆணா பொண்ணா?" என்று கேட்டாள் ஹபீபா.

"பொண்ணு."

"அப்ப எம் மவனுக்குத் தங்கச்சி ஆயிடுவா. ஒரே பால் குடிச்சா எங்கள்ல கூடப்பொறந்த பொறப்பு. பின்னாடி நிக்காஹ் பேச முடியாது, சொல்லிட்டேன்!" சிரித்துக்கொண்டே, பால் பீய்ச்ச தேவயானி கொண்டுவந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "அல்லாஹ் எனக்கு ஏன் இவ்ளோ பால் குடுத்தான்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டிருந்தேன்."

முதலில் மூக்குக் குழாய் வழியாகவும், பிறகு பாலாடையில் சொட்டுச் சொட்டாகவும் தேவயானி புகட்டினாள். ஒவ்வொரு சொட்டும் தொண்டையில் இறங்குவது தோலுக்கு வெளியிலேயே தெரிந்தது.

வீரமணிக்கு நெஞ்சிலேயே பிள்ளை. அப்படியே சாப்பிட்டான், சாய்ந்தபடியே தூங்கினான். குளிக்கவும் வெளியே போகவும் மட்டும் தேவயானியிடமோ நர்சிடமோ கொடுப்பான். ஓடிப்போய் ஓடி வருவான். காது கேட்காதவன் என்பதால் பேச்சு எப்போதும் உரக்கத்தான் வரும். பிள்ளைக்காக அதையும் குறைத்துக்கொண்டான். தாடையை நெஞ்சில் பதித்துக்கொண்டு மகளிடம் ஏதோ முணுமுணுப்பான். ஒருநாள் தேவயானி காது கொடுத்துக் கேட்டாள்.

"இப்ப சங்கு ஊதுவாங்க. எல்லாரும் தூரமா ஒதுங்கிக்கணும். மாடு கன்னு எதுனா நிக்குதான்னு பாக்கணும். அப்புறம் ரெண்டாஞ் சங்கு. அப்புறந்தான் அப்பன் கைய வைக்கும்..."

அவனுக்குத் தெரிந்த கதை அது ஒன்றுதான்போலும்.

சுரங்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் லாரியில் அவனைப் பார்க்க வந்தார்கள். வராந்தாவிலேயே கிண்டல் தொடங்கிவிட்டது. "எங்கடா நம்ம வெடிக்காரன்? புள்ளத்தாச்சி ஆயிட்டானாமே!" சிரித்துக்கொண்டே அறைவாசலுக்கு வந்தார்கள். வீரமணி மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினான். கைப்பிடியளவு தலை, மூடிய இமை, மார்புமுடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கை. அதில் அரிசி முனையைவிடச் சின்ன நகங்கள். சிரிப்பு நின்றது. முன்னால் நின்றவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். பின்னால் நின்றவர்களும் கழற்றினார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்கள். லாரி கிளம்பும்போது ஹாரன்கூட அடிக்கவில்லை.

டெல்லித் தேர்வுக்குக் கொஞ்ச நாளே இருந்தது. தேவயானி தடித்த புத்தகத்தை எடுத்துவந்து அவன் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து படிப்பாள். ஒருநாள் மதியம் மின்விசிறிச் சத்தம் தவிர எதுவுமில்லை. வீரமணி கண்ணை மூடியிருந்தான். திடீரென்று, "இல்ல," என்றான்.

"என்னங்க இல்ல?"

அதற்குள் அவன் கை சட்டைக்குள் போய்விட்டது. உள்ளங்காலைச் சுண்டினான், அவள் முதல்நாள் சொல்லிக்கொடுத்தபடியே. தேவயானி புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். சட்டையை விலக்கினாள். குழந்தையின் உதடு கறுத்திருந்தது. விலா அசையவில்லை. அவன் மறுபடி சுண்டினான். அவள் முதுகைத் தேய்த்தாள். அந்தச் சின்ன உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது, வாய் திறந்தது, விக்கலோடு மூச்சு உள்ளே போனது. உதட்டில் நிறம் திரும்பி வந்தது.

தேவயானி குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள்.

"எப்படிங்க தெரிஞ்சுது? சத்தமே இல்லியே."

"சத்தம் எனக்கு எங்க கேக்கப் போவுது?" என்றான் வீரமணி. "இந்த எடத்துல ஒரு சூடு வந்து வந்து படும். அது படல."

காறை எலும்புக்குக் கீழே ஓரிடத்தைக் காட்டினான். குழந்தையின் மூக்குக்கு நேரே, ஒரு நாலணாவைவிடப் பெரிசில்லாத இடம். தேவயானி தன் விரலின் பின்பக்கத்தை அங்கே வைத்தாள். முதலில் எதுவும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு வெதுவெதுப்பு வந்து பட்டு, விலகி, மறுபடி பட்டது. ராவும் பகலும் இதைத்தான் இந்த மனுஷன் காவல் காத்துக்கொண்டிருக்கிறான். அவள் விரலை எடுக்க மனமில்லாமல் நின்றாள்.

நடராசன் அன்றைக்கே வந்து, மூச்சு மறக்காமலிருக்க மருந்து கொடுத்தார். அதன்பிறகு இரண்டொரு தரம்தான் அப்படி வந்தது. அப்புறம் வரவே இல்லை.

இதற்கிடையில் திருச்சியில் செங்கமலம் கண் விழித்திருந்தாள். சிறுநீரகம் சோர்ந்துபோயிருந்ததால் இன்னும் பல நாள் அங்கேயே இருக்க வேண்டும். குழந்தை உயிரோடு இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவள் நம்பவில்லை. செத்ததை மறைக்கிறார்கள் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாளாம். அங்கிருந்த டாக்டர்கள் பால் எடுக்கலாம் என்று சொன்னதும், தேவயானிக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் போய் அப்பாவிடம் கேட்டாள்.

"பால எடுத்து ஐஸ் போட்ட பிளாஸ்க்குல வெச்சுக் குடுப்பாங்க. ஒங்க பஸ்ஸுல கொண்டாந்து தர முடியுமாப்பா?"

அய்யாக்கண்ணு மகளை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்ப நாளாக அவள் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "எந்தப் புள்ளைக்கு?" என்றார்.

அவள் சொன்னாள். முழுக்கச் சொன்னாள். அவர் சோற்றில் கைவைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மாள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் திருச்சியில் அவரே வார்டுக்குப் போய்க் காக்கிச் சட்டையோடு நின்றார். "பெரம்பலூர்லேருந்து வரேன்மா. ஒம் பொண்ணுக்குப் பால் வேணுமாம்."

செங்கமலம் சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பினாளாம். இறந்த பிள்ளைக்கு யாரும் பால் வாங்க ஆள் அனுப்ப மாட்டார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து உட்கார்ந்து, "குடிக்குதா? எவ்வளவு குடிக்குது? குடிச்சா தூங்குதா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாளாம். முதல்நாள் வந்தது பாலாடையின் அடியை நனைக்கிற அளவுதான். அய்யாக்கண்ணு பிளாஸ்க்கைத் தன் சீட்டுக்கடியில் காலிடுக்கில் வைத்துக்கொண்டார். மேடுபள்ளம் வரும்போதெல்லாம் குனிந்து பிடித்துக்கொண்டார். பழக்கமான ஒருவர், "என்னங்க அது, அவ்ளோ பத்திரமா?" என்று கேட்டார்.

"எம் பொண்ணு பாக்கற புள்ளைக்குப் பால்," என்றார் அய்யாக்கண்ணு. இந்தத் தடவை அவர் அடுத்த சீட்டுக்கு நகரவில்லை. முன்சீட்டு, பின்சீட்டு எல்லாம் கேட்கும்படி, சிறுவாச்சூர் வரைக்கும் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டுக்கொண்டிருந்த பயணிகளில் இரண்டு பேர் இறங்கவேண்டிய இடத்தில் இறங்க மறந்துபோனார்களாம்.

டெல்லி புறப்பட வேண்டிய நாளில் தேவயானி சுந்தராம்பாளிடம் போய், "இந்தத் தடவ விட்டுடறேன் மேடம்," என்றாள்.

"போடி. நீ இங்க இருந்து என்ன பண்ணப் போற? வெச்சிருக்கறது அவரு."

வீரமணியும் அதையேதான் சொன்னான். "போயிட்டு வாங்கம்மா. நாங்க எங்க போவப் போறோம்? இங்கதான் இருப்போம்."

தேர்வு எழுதிவிட்டு, டெல்லியில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எதிர்ப்பக்கம் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. கடைசியில் நர்ஸ் எடுத்தாள்.

"நடந்துகிட்டே இருக்காரு மேடம்."

"யாரு?"

"புள்ளையோட அப்பாதான். படுத்தா அது சிணுங்குதாம். வராந்தாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்குறாரு. எட ஏறியிருக்கு மேடம்! கன்னம் வந்திருக்கு!"

பூத்துக்காரன் இவள் அழுவதைப் பார்த்துவிட்டு, கெட்ட சேதி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

அவள் திரும்பி வந்த காலையில் வெயில் வராந்தாவில் நீளமாக விழுந்திருந்தது. வீரமணி நடந்து வந்தான். கிட்டே வந்ததும் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டி, பொத்தானை விலக்கினான். குழந்தை விழித்திருந்தது. கறுத்த இரண்டு கண்கள். அவன் தாடையையே மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது; மலையடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்ப்பதுபோல.

"நேத்தைலேருந்து இப்பிடித்தாங்க பாக்குது," என்றான் அவன் ரகசியமாக. "என்ன நெனைக்குதுன்னு தெரியல."

அடுத்த மாதம் தேர்வு முடிவு வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் அவள் தன் எண்ணைத் தேடினாள். இல்லை. மேலும் கீழுமாகப் பார்த்தாள். இல்லை. வீட்டுக்கு நடந்து வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"சரி, அடுத்த தடவ எழுதிக்கலாம். பிளாஸ்க்கக் கழுவிக் கவுத்து வை. நாளைக்கு எனக்குக் காலம்பர டூட்டி."

அடுத்த மார்ச்சில் அவள் தேறிவிட்டாள். பயிற்சி வருஷத்தை முடித்து, பச்சைக் குழந்தைகளுக்கான மேல்படிப்புக்குப் போனாள். எந்தத் தகப்பனிடமும் சட்டையைக் கழற்றச் சொல்ல அவள் தயங்கியதே இல்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தோல்வி கசந்ததென்னவோ உண்மைதான்; ஆனால் பழைய மாதிரி எரியவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செங்கமலம் வந்தாள். அய்யாக்கண்ணு தன் பஸ்ஸிலேயே, முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். டிரைவர் வழியெல்லாம் மாட்டுவண்டி வேகத்தில் வந்தாராம். ஒரு பயணிகூட முணுமுணுக்கவில்லை. மெலிந்து, மஞ்சள் பூத்து, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு செங்கமலம் உள்ளே நுழைந்தாள். வீட்டுக்குப் போய்விட்டிருந்த ஹபீபாவும் சேதி கேட்டு மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சுந்தராம்பாள் வெளிநோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

புருஷனைப் பார்த்ததும் செங்கமலம், "எங்க?" என்றாள். அவன் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்து அவள் முகம் மாறியது.

வீரமணி தன் சட்டையைக் காட்டினான்.

அவளுக்குப் புரியவில்லை. தேவயானி அவளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, ரவிக்கை ஊக்குகளைக் கழற்றச் சொன்னாள். வீரமணி ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். வேட்டிக் கட்டை அவிழ்த்தான். முதல்நாள் பிள்ளையைத் தொடவே பயந்தவன், ஒரு கையால் தலையையும் ஒரு கையால் இடுப்பையும் தாங்கி, பாறைத் துளையில் மருந்து வைக்கும் அதே நிதானத்தோடு குனிந்து, மனைவியின் மார்பில் குழந்தையை வைத்தான்.

குழந்தை சிணுங்கியது. புது இடம். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி மூக்கால் தேடியது. வாய் தொட்டது, பற்றியது, கன்னம் அசையத் தொடங்கியது. செங்கமலத்தின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் குழந்தையின் குல்லாவில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"கனக்குது," என்றாள் அதிசயத்தோடு. "எம்மாடி, கனக்குதே!"

ஹபீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அய்யாக்கண்ணு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வீரமணி கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டை திறந்தபடி நின்றான். கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. நெஞ்சின் நடுவில் முடி படிந்து, ஒரு சின்னக் கன்னத்தின் வடிவில் தோல் சிவந்திருந்தது. மின்விசிறிக் காற்று அதில் பட்டது. உள்ளங்கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டான்.

"குளுருதுங்க," என்றான்.

தேவயானி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.